நுழைவுத் தேர்வு மதிப்பெண் எப்படிப் பிறக்கிறது?

ரயில் நிலையப் பெயர்ப் பலகைகளைக் கவனித்த அன்பர்களுக்குத் தெரியும். பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் "கடல் மட்டத்திற்கு மேல் இத்தனை மீட்டர்" என்று இருக்கும். மட்டம் பார்க்கும் கருவியும் அளவுகோலும் சுமந்து தண்டவாளத்தின் ஓரம் நடந்தே காலம் கழித்தவன் நான். அந்தச் சிறிய எழுத்தின் அருமை எனக்குத் தெரியும். அளவுகோலில் 2.35 என்று கண்டால் அந்த எண்ணுக்குத் தனியாக ஒரு பொருளும் கிடையாது. எந்த இடத்தை அடிமட்டமாக வைத்து அளந்தோம் என்று சொன்ன பிறகுதான் அது உயரம் ஆகும். அடிமட்டத்தை மாற்றினால் அதே இடத்தின் உயரமும் மாறிவிடும், மண் ஓர் அங்குலம்கூட அசையாமல்.

பரீட்சை மதிப்பெண்ணும் அப்படித்தான். இதைச் சொன்னால் பெற்றோர் பலர் நம்புவதில்லை. "என் பையன் 95 வாங்கியிருக்கிறான், அது எப்படி 89 ஆகும்?" என்று கேட்கிறார்கள். 2025 ஜூலையில் கேரளப் பொறியியல் நுழைவுத் தேர்வின் தரவரிசைப் பட்டியல் பத்து நாளுக்குள் இரண்டு முறை வெளிவந்தபோது இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காத தமிழ்க் குடும்பம் திருவனந்தபுரத்தில் எனக்குத் தெரிந்தவரை இல்லை. ஆளுக்கு ஆள் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட நம் இதழில் ஒருமுறை விளக்கமாக எழுதிவிடலாம் என்று தோன்றியது. நான் டிப்ளமா படித்தவன். ஆகையால் பெரிய புள்ளியியல் எதுவும் இதில் வராது. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் போதும்.

இந்த விளக்கத்தை முதலில் சொன்னது போனக்காட்டில். விதுராவைத் தாண்டி அகத்தியர் மலையின் அடிவாரத்தில் உள்ள தேயிலைத் தோட்டம் அது. (ஆங்கிலத்தில் அந்தப் பெயரைப் பிரித்து எழுதினால் ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரச் சின்னத்தில் உள்ள வாசகமே வரும். பொருள் நல்லிணக்கம் என்பதாம். தோட்டத்தின் இன்றைய நிலையைப் பார்ப்பவர்களுக்கு அந்தப் பொருத்தம் விளங்காது.) தேயிலைத் தொழிற்சாலை ஓடாமல் நின்று ஆண்டுகள் பலவாகின்றன. லயங்களில் இருப்பவர்களில் பெரும்பாலோர் பாட்டன் காலத்தில் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து கொழுந்து கிள்ள வந்தவர்களின் வழியினர். மேல்வகுப்புப் படிக்கப் பிள்ளைகள் மலையிறங்கிப் போக வேண்டும். அங்கே பிளஸ் டூ படிக்கும் சில பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கணக்குச் சொல்லிக் கொடுக்க நானும் இரண்டு நண்பர்களும் போய் வருகிறோம். கணக்கைவிட அவர்கள் அதிகம் கேட்டது மதிப்பெண்ணைப் பற்றித்தான். அரசுப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தால் படிக்கலாம், சுயநிதிக் கல்லூரி என்றால் முடியாது என்ற நிலையில் உள்ள குடும்பங்களுக்குத் தரவரிசையில் சில நூறு இடங்கள் முன்னே பின்னே போவது விளையாட்டு அல்ல.

கேரளத்தில் 'கீம்' என்று சொல்லப்படும் இந்தத் தேர்வு 2024 முதல் கணிப்பொறியில் நடத்தப்பட்டது. அதற்கு முன் இரண்டு தாள், 240 கேள்வி, 960 மதிப்பெண். 2024இலும் 2025இலும் ஒரே தாள். கணிதம் 75, இயற்பியல் 45, வேதியியல் 30, ஆக 150 கேள்விகள். நேரம் 180 நிமிடம். கேள்வி ஒன்றுக்கு 72 வினாடி. சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறான விடைக்கு 1 குறையும், விடாமல் எழுதினால் 600.

இங்கேதான் முதல் சந்தேகம். தெரியாத கேள்விக்கு ஏதாவது ஒன்றைக் குறித்துவிட்டு வரலாமா, கூடாதா? பயிற்சி வகுப்புக்காரர் ஒருவர் "விடவே கூடாது" என்பார். இன்னொருவர் "தொடவே கூடாது" என்பார். கணக்கு என்ன சொல்கிறது என்று பார்ப்போம். கீம் தேர்வில் ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து விடைகள். கண்ணை மூடிக்கொண்டு ஐந்து கேள்விக்கு விடை குறித்தால் சராசரியாக ஒன்று சரியாகும், நான்கு தவறாகும். ஒன்றுக்கு 4 வரவு, நான்கு தவறுக்கு 4 செலவு. மீதி பூஜ்யம். 4, 1, ஐந்து விடை என்ற மூன்று எண்களையும் தராசில் நிறுத்தியது போல் பொருத்தியிருக்கிறார்கள்.

ஆனால் நீட் தேர்விலும் ஜே.இ.இ. தேர்வின் விடை தேர்ந்தெடுக்கும் பகுதியிலும் விடைகள் நான்கே. மதிப்பெண் அதே 4, அதே 1 குறைப்பு. அங்கே குருட்டாம்போக்கில் நான்கு கேள்விக்குக் குறித்தால் 4 வரவு, 3 செலவு. கேள்விக்குக் கால் மதிப்பெண் மிஞ்சும். ஆகையால் நீட்டுக்குச் சொல்லும் புத்திமதி கீமுக்குப் பொருந்தாது. பிள்ளைகள் இரண்டுக்கும் ஒரே வகுப்பில் ஒரே வாத்தியாரிடம் படிக்கிறார்கள். இந்த வேறுபாட்டை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை என்பதுதான் வேதனை.

சரி, கீமில் ஒரு விடை நிச்சயமாகத் தவறு என்று தெரிகிறது. அதைத் தள்ளிவிட்டு மீதி நான்கில் ஒன்றைக் குறித்தால் சராசரி ஆதாயம் கால் மதிப்பெண். இரண்டைத் தள்ள முடிந்தால் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 0.67. மூன்றைத் தள்ளிவிட்டு மிஞ்சிய இரண்டில் ஒன்றைக் குறித்தால் ஒன்றரை மதிப்பெண். ஆகவே "தெரியுமா, தெரியாதா" என்பதல்ல கேள்வி. எத்தனை விடைகளைத் தள்ள முடிகிறது என்பதே கேள்வி. அலகைப் பார்த்தே ஒரு விடையைத் தள்ளலாம். விசையைக் கேட்கிறபோது ஜூல் என்று முடிகிற விடை சரியாக இருக்க முடியாது. குறியைப் பார்த்து ஒன்றைத் தள்ளலாம். போனக்காட்டில் ஒரு ஞாயிறு முழுக்க ஒரு கணக்கைக்கூட முடிக்காமல் விடைகளைத் தள்ளுவதை மட்டுமே பயிற்சி செய்தோம். பிள்ளைகளுக்கு அது மிகவும் பிடித்துப் போயிற்று.

ஓர் எச்சரிக்கை. சராசரி பூஜ்யம் என்றால் யாருக்கும் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை என்று பொருள் அல்ல. 25 கேள்விக்குக் கண்ணை மூடிக்கொண்டு குறிக்கிறவனுக்கு ஏறக்குறைய 10 மதிப்பெண் கூடவோ குறையவோ ஆவது சாதாரணம். அது சீட்டாட்டம். ஆண்டு முழுக்க உழைத்துப் படித்த பிள்ளை கடைசிப் பத்து நிமிடத்தில் அந்த ஆட்டத்தில் இறங்க வேண்டுமா என்பதை அவரவர் முடிவு செய்துகொள்ளட்டும். என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன்.

அடுத்த படி, பல நாள் தேர்வு. எழுபது எண்பதாயிரம் பேருக்கு ஒரே நேரத்தில் கணிப்பொறி கொடுக்க முடியாது. 2025இல் ஏப்ரல் கடைசி வாரத்தில் பல நாட்களாகப் பிரித்து நடத்தினார்கள். ஒவ்வொரு நாளும் வேறு வினாத்தாள். ஒரு நாள் தாள் கடினமாகவும் மறுநாள் தாள் எளிதாகவும் அமைந்துவிட்டால்? அதைச் சமன் செய்யப் 'பெர்சன்டைல்' என்ற கருத்தைப் பயன்படுத்துகிறார்கள். சதவீதம் வேறு, பெர்சன்டைல் வேறு. நூற்றுக்கு எத்தனை வாங்கினாய் என்பது சதவீதம். உன்னோடு எழுதிய நூறு பேரில் எத்தனை பேர் உன் அளவிலோ உனக்குக் கீழேயோ நிற்கிறார்கள் என்பது பெர்சன்டைல்.

ஓர் உதாரணம், எண்கள் என் கற்பனை. திங்கட்கிழமைத் தாள் கடினம். அன்று 300 எடுத்தவருக்கு நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கீழே நிற்கிறார்கள். செவ்வாய்க்கிழமைத் தாள் எளிது. அன்று அதே தொண்ணூறைப் பிடிக்க 340 வேண்டியிருந்தது. அப்படியானால் திங்கட்கிழமை 300ம் செவ்வாய்க்கிழமை 340ம் ஒரே எடை. ஜே.இ.இ. தேர்வில் இந்தப் பெர்சன்டைலை ஏழு தசம இடம் வரை கணக்கிட்டு அதையே மதிப்பெண்ணாகக் கொடுக்கிறார்கள். ஏழு தசம இடத்தைப் பார்த்து மலைக்க வேண்டாம். லட்சக்கணக்கானோர் ஒரே எண்ணில் வந்து முட்டிக்கொள்ளாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது.

இந்தச் சமன்பாடு நியாயமானதா? என் கருத்தில் ஆம். காரணத்தைக் கவனியுங்கள். திங்கட்கிழமையா செவ்வாய்க்கிழமையா என்பதை மாணவர் தேர்ந்தெடுப்பதில்லை. தேர்வு அலுவலகம் ஒதுக்குகிறது. கெட்டிக்காரர்கள் எல்லோரும் திங்கட்கிழமை வந்து உட்கார வழியில்லை. ஆயிரக்கணக்கானோரைக் கலந்து பிரித்தால் இரண்டு நாள் கூட்டமும் ஏறக்குறைய ஒரே தரத்தில்தான் இருக்கும். கூட்டங்கள் சமம் என்றால், மதிப்பெண்ணில் தெரியும் வேறுபாடு தாளின் வேறுபாடுதான். ஒரே அரிசி மூட்டையை இரண்டாகப் பிரித்து இரண்டு தராசில் நிறுத்துப் பார்ப்பது போல. எடை வேறாக வந்தால் குற்றம் தராசில்தான் இருக்கும். இந்த வாதத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த படியில் இது தேவைப்படும்.

மூன்றாவது படிதான் நீதிமன்றம் வரை போனது. கேரளத்தில் பொறியியல் தரவரிசைக்கு நுழைவுத் தேர்வு மட்டும் போதாது. 600க்கு எடுத்த நுழைவுத் தேர்வு மதிப்பெண் 300ஆகச் சுருக்கப்படும். மீதி 300 பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றிலும் எடுத்ததற்கு. ஆக மொத்தம் 600. பிளஸ் டூவை அலட்சியம் செய்துவிட்டு நுழைவுத் தேர்வுக்கு மட்டும் படிக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் 2011இல் வந்த ஏற்பாடு இது. நான் இதை வரவேற்கிறேன். பணம் கட்டிப் பயிற்சி வகுப்புக்குப் போக முடியாத பிள்ளைக்குப் பள்ளிப் படிப்பில் பாதி எடை கிடைப்பது பெரிய உதவி.

ஆனால் மாநில வாரியத்தின் 95ம் மத்திய வாரியத்தின் 95ம் ஒன்றா? ஒரு வாரியம் தாராளமாகப் போடும், இன்னொன்று கையை இறுக்கும். ஆகையால் சமன் செய்ய வேண்டும். செய்த முறை இது. முதலில் ஒரு வாரியத்தில் அந்தப் பாடத்தில் எல்லோரும் எடுத்த மதிப்பெண்ணின் சராசரியைக் காண்கிறார்கள். பிறகு மதிப்பெண்கள் அந்தச் சராசரியிலிருந்து எவ்வளவு பரவிக் கிடக்கின்றன என்பதைக் காண்கிறார்கள். இதற்குத் திட்ட விலக்கம் என்று பெயர். எல்லோரும் சராசரியை ஒட்டியே நின்றால் அது சிறியதாக இருக்கும், சிதறிக் கிடந்தால் பெரியதாக இருக்கும். அடுத்து, எல்லா வாரியங்களையும் சேர்த்த பொதுச் சராசரியும் பொதுத் திட்ட விலக்கமும். இனி மாணவர் தம் வாரியச் சராசரிக்கு மேல் எத்தனை 'விலக்கம்' உயரத்தில் நிற்கிறார் என்று பார்த்து, அதே உயரத்தைப் பொது அளவில் வைத்துவிடுகிறார்கள்.

எண்ணைப் போட்டால் விளங்கும். இவையும் என் கற்பனை எண்கள்தாம். மாநில வாரியச் சராசரி 80, விலக்கம் 12. மத்திய வாரியச் சராசரி 70, விலக்கம் 15. பொதுச் சராசரி 72, பொது விலக்கம் 14. மாநில வாரியத்தில் 95 எடுத்தவர் தம் சராசரிக்கு மேல் 15. அதை 12ஆல் வகுத்தால் 1.25. பொது விலக்கம் 14ஆல் பெருக்கினால் 17.5. பொதுச் சராசரி 72ஐக் கூட்டினால் 89.5. மத்திய வாரியத்தில் 92 எடுத்தவருக்கு இதே கணக்கைச் செய்தால் 92.53 வரும். 92 வாங்கியவர் 95 வாங்கியவரைத் தாண்டிவிட்டார்.

இதைப் பலகையில் போட்டுக் காட்டியபோது, பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஒரு தகப்பனார், "அப்போ நூத்துக்கு நூறு வாங்கினா குறைக்க மாட்டாங்கல்ல சார்?" என்று கேட்டார். போட்டுப் பார்த்தோம். 100லிருந்து 80 போனால் 20. 12ஆல் வகுத்து 14ஆல் பெருக்கினால் 23.33. 72ஐக் கூட்டினால் 95.33. மத்திய வாரியத்தில் நூறு வாங்கியவருக்கு? 30ஐ 15ஆல் வகுத்து 14ஆல் பெருக்கினால் 28. 72ஐக் கூட்டினால் 100. "நூத்துக்கு மேல வாங்க முடியாதே சார்" என்றார் அவர். எத்தனையோ கல்வியாளர்கள் எத்தனையோ பக்கம் எழுதியதை அந்த மனிதர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். தராசின் தட்டு 100இல் இடித்து நிற்கிறது. அதற்கு மேல் அந்தப் பிள்ளை எவ்வளவு அறிந்திருந்தாலும் தாளில் காட்ட இடமில்லை. ஒரு பாடத்துக்கு 4.67 என்றால் மூன்று பாடத்துக்கு 14 மதிப்பெண் தேர்வறைக்குள் நுழைவதற்கு முன்பே போய்விடுகிறது.

இதைச் சரி செய்யத்தான் கேரள அரசு 2025இல் வேறு ஒரு முறையைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு வாரியத்திலும் அந்தப் பாடத்தில் எடுக்கப்பட்ட மிக உயர்ந்த மதிப்பெண்ணை 100 என்று வைத்துக்கொள்வது, மற்றவர்களை அதே விகிதத்தில் ஏற்றுவது. உச்சம் 96 என்றால் 72 எடுத்தவருக்கு 75 ஆகும். உச்சம் 100 என்றால் மாற்றமே இல்லை. கூடவே கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றுக்கும் சம எடை என்பதை மாற்றி 5:3:2 என்று ஆக்கினார்கள். ஜூலை 1ஆம் தேதி பட்டியல் வெளிவந்தது. ஆனால் விதியை மாற்றியது தேர்வெல்லாம் முடிந்து, பட்டியல் வெளியாகும் அதே நாளில். மத்திய வாரிய மாணவர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். ஜூலை 9ஆம் தேதி ஒரு நீதிபதி அமர்வு பட்டியலை ரத்து செய்தது. மறுநாள் இரு நீதிபதி அமர்வு அரசின் மேல்முறையீட்டையும் தள்ளியது. அன்றே பழைய முறையில் புதுப் பட்டியல் வந்தது. ஜூலை 16இல் உச்ச நீதிமன்றமும் அந்த ஆண்டுச் சேர்க்கையில் தலையிட மறுத்தது.

இரண்டு பட்டியலுக்கும் நடுவே யாரும் ஒரு கேள்விக்குக்கூடப் புதிதாக விடை எழுதவில்லை. ஆனால் முதல் பட்டியலில் முதல் நூறு இடங்களில் மாநில வாரிய மாணவர் 43 பேர், மத்திய வாரியத்தார் 55 பேர். இரண்டாவதில் மாநில வாரியம் 21, மத்திய வாரியம் 79. அடிமட்டம் மாறியது, உயரம் மாறியது. ஆட்டம் முடிந்த பிறகு விதியை மாற்றக்கூடாது என்று நீதிமன்றம் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ரயில்வேயில்கூட வண்டி புறப்பட்ட பிறகு கால அட்டவணையைத் திருத்த மாட்டார்கள். ஆனால் எந்த விதி நியாயமானது என்ற கேள்விக்கு அது பதில் ஆகாது.

நமக்கு நெருக்கமான தமிழ்நாட்டில் என்ன செய்தார்கள்? 1984 முதல் 2006 வரை அங்கும் நுழைவுத் தேர்வு இருந்தது. 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது நீங்கியது. அதன் பிறகு பொறியியலுக்குப் பிளஸ் டூ மதிப்பெண் மட்டும். கணிதம் 100, இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி, ஆக 200க்கு கட் ஆஃப். பிற வாரியத்து மாணவர்களுக்கு உச்ச மதிப்பெண்ணைச் சமமாக வைத்து விகிதத்தில் ஏற்றும் முறை அந்தச் சட்டத்திலேயே உண்டு. கேரளம் 2025இல் எடுத்துக்கொண்டது ஏறக்குறைய அதைத்தான். முறை எளிது, நூறு நூறாகவே நிற்கும். குறை என்ன? முழு வாரியத்தின் அளவும் ஒரே ஒரு பிள்ளையின் தலையில் நிற்கிறது. லட்சக்கணக்கானோர் எழுதும் வாரியத்தில் எப்படியும் ஒருவராவது நூறு எடுத்துவிடுவார். அப்புறம் சமன் செய்தல் என்பதே பெயரளவுக்குத்தான். தாராளமாக மதிப்பெண் போடும் வாரியத்துக்கு அது லாபம்.

பழைய முறையின் குறை இதைவிட ஆழமானது. முன்னே அரிசி மூட்டையைச் சொன்னேன் அல்லவா? சராசரியைச் சமன் செய்யும்போது, "எல்லா வாரியத்திலும் படிக்கிற பிள்ளைகளின் சராசரித் திறமை ஒன்றே, மதிப்பெண் வேறுபாடு திருத்துவோரின் கை வேறுபாடு" என்று எடுத்துக்கொள்கிறோம். தேர்வு நாட்களுக்கு அது பொருந்தும், கலந்து பிரித்த கூட்டம் அது. வாரியங்களுக்கு? யாரும் பிள்ளைகளைக் குலுக்கிப்போட்டு இவன் மாநிலம், அவள் மத்தியம் என்று பிரிக்கவில்லை. குடும்பத்தின் வசதி, ஊரின் வசதி பிரித்தது. போனக்காட்டுப் பிள்ளைக்கு மாநில வாரியப் பள்ளியைத் தவிர வேறு வழியே இல்லை. இரண்டு மூட்டையிலும் ஒரே அரிசிதானா என்று தெரியாமல் தராசைத் திருத்துகிறோம். மாநிலச் சராசரி உயர்ந்தால் அது தாராளமா, பள்ளிகள் நன்றாகச் சொல்லிக் கொடுத்ததன் பலனா? இந்தச் சூத்திரம் இரண்டையும் ஒன்றாகவே நடத்தும். மத்திய வாரியப் பெற்றோரின் நியாயமும் உண்டு. அவர்கள் பிள்ளைகள் இறுக்கமான கையால் திருத்தப்பட்டவர்கள் என்றால், அப்படியே விட்டுவிடுவதும் அநீதிதான். எந்தக் கணக்கும் இதைத் தீர்க்காது. நுழைவுத் தேர்வு என்ற பொதுத்தாளில் இரண்டு வாரியத்தாரும் எப்படிச் செய்தார்கள் என்று பார்த்து அதைக்கொண்டு சமன் செய்யலாமே என்பது என் யோசனை. பொதுவான ஒரு அடிமட்டம் கையிலேயே இருக்கிறது.

இலங்கைத் தமிழ் அன்பர்களுக்கு இதெல்லாம் புதிதாக இராது. 'தரப்படுத்தல்' என்ற சொல்லைக் கேட்டாலே அவர்களுக்கு ஒரு தலைமுறையின் நினைவு வரும். 1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சேர்க்கையில் பொறியியலுக்கு 400க்குத் தமிழ்மொழியில் எழுதியவர்களுக்கு 250ம் சிங்களத்தில் எழுதியவர்களுக்கு 227ம் எல்லையாக வைக்கப்பட்டது. 1973இல் மொழிவாரியான தரப்படுத்தல், 1974இல் மாவட்ட ஒதுக்கீடு. ஒவ்வொரு மொழிக் கூட்டத்தின் திறமையும் சமம் என்று வைத்துக்கொண்டு செய்த கணக்கு அது. அதன் விளைவுகளை நாடு அறியும்.

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே இசட் புள்ளி என்ற முறை வந்தது. ஒரு மாணவர் தம் பாடத்தின் சராசரிக்கு மேலோ கீழோ எத்தனை விலக்கத்தில் நிற்கிறார் என்பதே இசட் புள்ளி. மேலே நாம் 1.25 என்று கண்டோமே, அதுதான். உயிரியல் எடுத்தவரையும் வரலாறு எடுத்தவரையும் அவரவர் பாடக் கூட்டத்துக்குள் வைத்து அளக்க அது உதவுகிறது. ஆனால் 2011ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சையைப் பழைய பாடத்திட்டத்தில் சிலரும் புதிய பாடத்திட்டத்தில் சிலரும் எழுதினார்கள். இரு கூட்டத்தையும் ஒன்றாகச் சேர்த்து இசட் புள்ளி கணக்கிட்டுவிட்டார்கள். வழக்கு நடந்து, 2012இல் உச்ச நீதிமன்றம் அந்தப் புள்ளிகளை ரத்து செய்து, இரண்டு கூட்டத்தையும் தனித்தனியாகக் கணக்கிடச் சொன்னது. சூத்திரம் சரி, கூட்டம் தவறு. திருவனந்தபுரத்திலும் கொழும்பிலும் சிக்கல் ஒரே இடத்தில்தான்.

இனி, பிள்ளைகளுக்குப் பயன்படும் கணக்கு. போனக்காட்டில் ஒரு மாணவி தன் மாதிரித் தேர்வு எண்களைக் கொண்டு வந்தாள். பிளஸ் டூ மாதிரித் தேர்வில் கணிதம் 88, இயற்பியல் 91, வேதியியல் 93, மொத்தம் 272. மேலே சொன்ன கற்பனைச் சராசரிகளை மூன்று பாடத்துக்கும் வைத்துப் பார்த்தால் அது 253.33 ஆகிறது. நுழைவுத் தேர்வு மாதிரித் தாளில் 110 கேள்விக்கு விடை எழுதி 70 சரி, 40 தவறு. 280லிருந்து 40 போக 240. பாதியாக்கினால் 120. ஆக 600க்கு 373.33.

எங்கே ஏறலாம்? நுழைவுத் தேர்வில் ஒரு கேள்வி கூடுதலாகச் சரியானால் 4 மதிப்பெண், பாதியாக்கினால் 2. ஏற்கெனவே தவறாக எழுதிய கேள்வி சரியானால் இரண்டரை. பிளஸ் டூவில் ஒரு மதிப்பெண் கூடினால், மாநில வாரியத்தின் விலக்கம் சிறியது என்பதால், 14ஐ 12ஆல் வகுத்த 1.17 கிடைக்கிறது. ஆகப் பிளஸ் டூவில் மூன்று பாடத்திலுமாகப் பத்து மதிப்பெண் கூட்டுவது நுழைவுத் தேர்வில் புதிதாக ஆறு கேள்விக்குச் சரியான விடை எழுதுவதற்கு ஏறக்குறைய ஈடு. செய்முறைத் தேர்வில் கவனக்குறைவாக விடும் மதிப்பெண்ணுக்கும் இதே விலை. அவள் கண்ணை மூடிக்கொண்டு குறித்தவை 25 இருக்கும் என்றாள். அவற்றில் ஒவ்வொன்றிலும் இரண்டு விடைகளைத் தள்ளப் பழகிக்கொண்டால் சராசரி 16.67, பாதியாக்கினால் 8.33. அலகையும் குறியையும் பார்க்கப் பழகுவதற்குக் கட்டணம் எதுவும் இல்லை.

மேலே சொன்ன விதிகள் 2025 சேர்க்கை வரை நடைமுறையில் இருந்தவை. எந்த ஆண்டு எழுதுகிறார்களோ அந்த ஆண்டின் விவரக் குறிப்பேட்டைத்தான் பார்க்க வேண்டும். பெற்றோர் பெரும்பாலும் கட்டணம், கடைசி நாள் இருக்கும் பக்கங்களோடு நிறுத்திவிடுகிறார்கள். தரவரிசை தயாரிக்கும் முறை என்ற பகுதியைத்தான் பென்சில் பிடித்துப் படிக்க வேண்டும். ஆங்கிலத்தில் இருக்கும் அந்தச் சில பக்கங்களைத் தமிழில் விளக்கி எழுதி, நகலெடுத்துப் போனக்காட்டிலும் பக்கத்துத் தோட்டங்களிலும் கொடுக்க எண்ணியிருக்கிறோம். அதற்கு உதவ விரும்பும் அன்பர்கள், குறிப்பாகப் பள்ளியில் புள்ளியியல் கற்பித்த ஆசிரியர்கள், சங்க அலுவலகத்தில் பெயர் கொடுத்தால் அடுத்த குறிப்பேடு வந்தவுடன் சொல்லி அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலைப் பேருந்தில் எங்களோடு மலையேறவும் தயாராக இருந்தால் இன்னும் நல்லது. மாலை வண்டியைத் தவறவிட்டால் திரும்புவது சிரமம், அதை மட்டும் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.